வடக்கே இருக்கும் மாமாவும் ஒரு மீட்டர் கம்பும்

*ஞாயிறு*

நான் (இரவு 7:42): எல்லாரும் ஒரு நிமிஷம் இங்க வாங்க. பாப்பாவுக்கு ஏழாம் வகுப்பு அறிவியல்ல ஒரு வேலை குடுத்திருக்காங்க. நமக்கு வடக்கேயோ தெற்கேயோ ரொம்ப தூரத்துல ஒரு சொந்தக்காரர் வேணுமாம். புதன்கிழமை மதியம் அவங்க ஒரு கம்பு நட்டு நிழல அளந்து சொல்லணும்.

தம்பி: நான்தான் வடக்கே இருக்கேனே. எதுக்கு சின்னக்கா?

நான்: பூமியோட சுற்றளவு கண்டுபிடிக்க.

அக்கா மகன்: கூகுள்னு ஒண்ணு இருக்கு சித்தி. 40,000 கிலோமீட்டர். முடிஞ்சுது ஹோம்வொர்க்.

அண்ணி: அந்த நம்பரத் தேடக்கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருப்பாங்களே?

நான்: ஆமா அண்ணி. தேடுனாலும் பரவால்ல, ஆனா நோட்டுல அளந்ததுதான் இருக்கணும்னு சொன்னாங்களாம்.

அப்பா: அருமையான வேலை. எரட்டோஸ்தனீஸ்னு ஒரு கிரேக்க அறிஞர் செஞ்சது இதுதான். கிறிஸ்து பிறக்கறதுக்கு 200 வருஷத்துக்கு மேல முன்னாடி, எகிப்துல அலெக்சாந்திரியா நூலகத்துல தலைமைப் பொறுப்புல இருந்தவர். தெற்கே சையீன்னு ஒரு ஊர், இப்போ அஸ்வான். அங்க வருஷத்துல ஒரு நாள் நடுப்பகல்ல கிணத்தோட அடி வரைக்கும் வெயில் விழும்னு கேள்விப்பட்டார். அதே நாள் அலெக்சாந்திரியாவுல நிழல் விழுந்துச்சு. நிழல வெச்சுப் பாத்தா, வெயில் சாஞ்சிருந்த கோணம் ஒரு முழு வட்டத்துல 50ல ஒரு பங்கு. அதாவது 7.2 பாகை. ரெண்டு ஊருக்கும் நடுவுல 5,000 ஸ்டேடியா, அது அந்தக் காலத்துத் தூர அளவு. 50ஆல பெருக்கினார், 2,50,000 ஸ்டேடியா.

அக்கா மகன்: அது எத்தன கிலோமீட்டர் தாத்தா?

அப்பா: அவர் சொன்ன ஸ்டேடியா எவ்வளவு நீளம்ங்கறதுல ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ளயே சண்டை. அதனால ரொம்பத் துல்லியமா அளந்துட்டார்னு அடிச்சு விடற கதைய நம்பாத. வழிதான் பெருசு. அஸ்வான் அலெக்சாந்திரியாவுக்கு நேர் தெற்கேயும் இல்ல, 3 பாகை கிழக்கே தள்ளி இருக்கு.

தம்பி: அப்பா ரிட்டயர் ஆனது எனக்கு மட்டும்தான் தெரியும் போல. அவருக்குத் தெரியல.

அக்கா: எல்லாருக்கும் இனிய இரவு வணக்கம். (ரோஜாப்பூ படம்)

*திங்கள்*

நான் (காலை 6:55): தம்பி, பாப்பா சொல்றத அப்படியே டைப் பண்றேன். "மாமா, தரைக்கு மேல கம்பு சரியா ஒரு மீட்டர் இருக்கணும். தரை சமமா இருக்கணும். கம்பு சாயக்கூடாது. 12 மணிக்கு அளக்காதீங்க, நிழல் எப்போ ரொம்பச் சின்னதா இருக்கோ அப்போ அளங்க."

தம்பி: 12 மணிக்குத்தான ரொம்பச் சின்னதா இருக்கும்?

அண்ணி: இல்லப்பா. கடிகாரம் நாடு முழுசுக்கும் ஒண்ணு, சூரியன் அப்படி இல்ல. தீர்க்கரேகை ஒரு பாகை கிழக்கே போனா 4 நிமிஷம் முன்னாடி உச்சிக்கு வரும். அது போக வருஷத்துல சில மாசம் கடிகாரத்த முந்தும், சில மாசம் பிந்தும். நவம்பர் ஆரம்பத்துல 16 நிமிஷம் வரைக்கும் முந்தும். நீ 11:40ல இருந்து 5 நிமிஷத்துக்கு ஒரு தடவ நிழல் முனையில சாக்பீஸ் புள்ளி வெச்சுட்டே வா. நிழல் குறைஞ்சு வந்து திரும்ப நீள ஆரம்பிக்கும். அதுல ரொம்பக் குட்டையானத எடுத்துக்க.

தம்பி: ஆபீஸ் மொட்டை மாடியில நான் கம்போட நின்னா என்ன நினைப்பாங்கன்னு யாராவது யோசிச்சீங்களா?

வீட்டுக்காரர்: மச்சான், நானும் ஸ்கூல் கிரவுண்டுல நிக்கப் போறேன். பெற்றோர் ரெண்டு பேர் துணைக்கு வேணும்னு கேட்டாங்க, நான் பேர் குடுத்துட்டேன்.

*புதன்*

வீட்டுக்காரர் (மதியம் 12:31): கிரவுண்டுல இருந்து. பிள்ளைங்க அஞ்சஞ்சு பேரா ஒரு கம்பச் சுத்தி உக்காந்திருக்காங்க. நூல்ல ஒரு இரும்பு நட்டு கட்டித் தொங்கவிட்டு, கம்பு நேரா நிக்குதான்னு பாக்கறாங்க. வழக்கமா வாயே திறக்காத ஒரு பையன் இன்னைக்கு மேஸ்திரி மாதிரி எல்லார் கம்பையும் போய்த் திருத்திட்டு இருக்கான்.

வீட்டுக்காரர்: நம்ம பாப்பா குழுவுக்கு 36.5 செ.மீ. நிழல் முனை கத்தி மாதிரி இல்ல, ஒரு செ.மீ. அளவுக்குக் கலங்கலா இருக்கு. எங்க வெச்சு அளக்கறதுன்னு பெரிய வாக்குவாதம்.

அண்ணி: சூரியன் புள்ளி இல்லயே, அரை பாகை அகலத் தட்டு. அதனால ஓரம் கலங்கத்தான் செய்யும். கலங்கல்ல நடுவ எடுக்கச் சொல்லுங்க. தம்பியும் நடுவத்தான் எடுக்கணும், அது முக்கியம்.

தம்பி (மதியம் 12:40): என்னோடது 54 செ.மீ. 12 மணிக்குக் கரெக்டா அளந்தேன்.

அக்கா மகன்: 12 மணிக்கா மாமா

தம்பி: மீட்டிங் இருந்துச்சுடா.

*புதன், இரவு*

நான் (8:10): பாப்பா கணக்குப் போட்டுட்டா. இன்னும் திரிகோணமிதி வரலையாம், அதனால காகிதத்துல சின்ன அளவுல செங்கோண முக்கோணம் வரைஞ்சு கோணமானி வெச்சுப் படிச்சிருக்கா. இங்க 20 பாகை, தம்பி ஊர்ல 28. வித்தியாசம் 8. தம்பி கார்ல வந்தப்போ மீட்டர்ல 720 கி.மீ. காட்டுச்சுன்னு சொன்னானே, அத எடுத்துக்கிட்டா. 720 பெருக்கல் 360 வகுத்தல் 8. வந்தது 32,400.

அக்கா: அய்யோ, எவ்வளவு குறையுது. பேசாம 40,000னு எழுதச் சொல்லு. மார்க் போயிடப் போகுது.

அப்பா: எழுதவே கூடாது.

அக்கா: அப்பா, சின்னக் குழந்தை, வெள்ளிக்கிழமை ஸ்கூல்ல சார்ட் வெப்பாங்க, எல்லாரும் பாக்க வருவாங்க...

அப்பா: பாக்கட்டும். 32,400ன்னு இருந்தா ஏன்னு கேப்பாங்க. 40,000ன்னு இருந்தா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

அண்ணி: எங்க ஸ்கூல்ல இந்தப் பிரச்சினைதான் எனக்கு. விடை முன்கூட்டியே தெரிஞ்ச பரிசோதனைன்னா பிள்ளைங்க அளவுகோலப் பாக்கறதே இல்ல, விடையத்தான் பாக்கறாங்க. எல்லா நோட்டுலயும் ஒரே நம்பர் இருக்கும், ஒருத்தரும் அளந்திருக்க மாட்டாங்க.

நான்: பாப்பா வகுப்புலயும் அதான் நடந்திருக்கு. ஒரு பொண்ணு நெட்டுல பாத்துட்டு, நிழல கொஞ்சம் குறைச்சு எழுதினா சரியா வந்துடும்னு சொல்லியிருக்கா. டீச்சர் திட்டல. எவ்வளவு குறைச்சா சரியா வரும்னு கணக்குப் போட்டுப் பாருங்கன்னு சொல்லிட்டாங்களாம். போட்டுப் பாத்தா ஒரு குழுவுக்கு வெறும் 1 செ.மீ. போதுமா இருந்துச்சு. அப்போ நம்ம அளவு 1 செ.மீ. தப்பில்லன்னு எப்படிச் சொல்றதுன்னு பிள்ளைங்களே கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. அந்தப் பீரியட் முழுக்க அதுலயே போச்சாம்.

அண்ணி: அந்த டீச்சர நான் பாக்கணும்.

அக்கா மகன்: சித்தி, 720 ரோடு தூரம். ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகும். அதோட மாமா ஊர் நேர் வடக்கே இல்ல, கிழக்கே தள்ளி. வடக்கு தெற்கா எவ்வளவுன்னு மட்டும்தான் எடுக்கணும். மேப்புல ஸ்கேல் வெச்சா 600 வருது.

அக்கா மகன்: ஆனா ஒரு சந்தேகம். மேப்பு போட்டவங்க பூமி எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சுதான போட்டாங்க? அப்போ விடை முன்னாடியே உள்ள வந்துடுச்சே?

அப்பா: சபாஷ். ரோடு மீட்டருக்குப் பூமி அளவு தெரியாது, அது சக்கரம் சுத்தினத மட்டும் எண்ணுது. மேப்புக்குத் தெரியும். ரெண்டையும் சார்ட்ல எழுதச் சொல்லு, எதை ஏன் எடுத்தோம்னு.

அப்பா: இன்னொண்ணு. அளவுகோலே பூமியில இருந்து வந்ததுதான். 1791ல பிரான்ஸ்ல மீட்டர்னு வெச்சப்போ, வட துருவத்துல இருந்து நிலநடுக்கோடு வரைக்கும் உள்ள தூரத்துல ஒரு கோடியில ஒரு பங்குதான் மீட்டர்னு வெச்சாங்க. அதனாலதான் சுற்றளவு 40,000க்கு இவ்வளவு பக்கத்துல வருது. துருவம் வழியா அளந்தா 40,008.

அக்கா மகன்: தாத்தா இது செம. இத இத்தன நாள் யாரும் சொல்லல.

தம்பி: சரி, நாளைக்கு மறுபடியும் அளக்கறேன். நூலும் நட்டும் கட்டியே. மீட்டிங்க தள்ளி வெச்சுட்டேன், காரணம் என்னன்னு சொல்லல.

அண்ணி: அப்போ பாப்பாவும் நாளைக்கே அளக்கணும். சூரியன் இருக்கற இடம் நாளுக்கு நாள் மாறும். மார்ச், செப்டம்பர்ல எல்லாம் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 0.4 பாகை நகரும். வேற வேற நாள் அளவ ஒண்ணு சேக்க முடியாது.

*வியாழன்*

தம்பி (மதியம் 12:20): 48.5 செ.மீ. நேத்து கம்பு நல்லா சாஞ்சிருந்திருக்கு. புள்ளி பதினொண்ணு வெச்சேன், படம் அனுப்பறேன். செக்யூரிட்டி அண்ணனும் என்கூட உக்காந்து பாத்தார்.

நான்: இங்க மறுபடியும் 36.5 தான்.

நான் (மாலை 5:05): 20 பாகை, 26 பாகை. வித்தியாசம் 6. 600 பெருக்கல் 360 வகுத்தல் 6, 36,000.

அக்கா: இன்னும் 4,000 குறையுதே.

அண்ணி: கோணமானியில அரை பாகை முன்னப்பின்ன ஆகத்தான் செய்யும். வித்தியாசம் 5.5 பாகைன்னா 39,000 தாண்டிடும். 6.5ன்னா 33,000 சொச்சம். அதனால 33,000க்கும் 39,000க்கும் நடுவுலன்னு எழுதச் சொல்லு. ஒரே நம்பர எழுதறதவிட அதுதான் உண்மை.

அக்கா: நம்ம காலத்துல இப்படியெல்லாம் எழுதினா அடிச்சுக் குடுத்துடுவாங்க.

*வெள்ளி*

வீட்டுக்காரர் (மாலை 4:15): ஸ்கூல்ல இருந்து வந்தாச்சு. கூட்டம் நல்லா இருந்துச்சு, தாத்தா பாட்டிங்கதான் நிறைய. ஹால் சுவர் நீளத்துக்கு ஒரு எண்கோடு வரைஞ்சு, எல்லாக் குழுவோட விடையையும் அதுல ஒட்டியிருந்தாங்க. ஒருத்தருக்கும் 40,000 வரல.

வீட்டுக்காரர்: ஒரு குழுவுக்கு 150 கி.மீ. தள்ளி இருக்கற பாட்டிதான் கிடைச்சிருக்காங்க. 1 பாகை வித்தியாசம், 54,000. கோணமானிய 2ன்னு படிச்சிருந்தா 27,000 ஆகியிருக்கும். ஏன் தூரத்துச் சொந்தம் வேணும்னு கேட்டாங்கன்னு இப்போதான் எனக்குப் புரியுது. அத அந்தப் பிள்ளைங்களே நின்னு விளக்கினாங்க.

வீட்டுக்காரர்: ஒரு பையனோட பெரியப்பா நேர் மேற்கே இருக்கார். ரெண்டு பக்கமும் ஒரே நிழல். வித்தியாசம் சுழியம். அவன் சார்ட்ல "சுற்றளவு: சொல்ல முடியாது. வேற பெரியப்பா தேவை"ன்னு எழுதி வெச்சிருந்தான்.

தம்பி: அவனுக்கு முதல் பரிசு குடுக்கணும்.

வீட்டுக்காரர்: பரிசெல்லாம் கிடையாது, அது நல்லதாப் போச்சு. ஆனா ஒரு பெரியவர் நம்ம பாப்பாவ நல்லா மடக்கிட்டார். "பூமி தட்டையா இருந்து, சூரியன் கிட்டத்துல இருந்தாலும் ரெண்டு கம்போட நிழல் வேற வேறயாத்தான இருக்கும்? உருண்டைன்னு எப்படிச் சொல்ற?"ன்னு கேட்டார். அவ முழிச்சா. டீச்சர் பதில் சொல்லல, போர்டுல கேள்விய எழுதிட்டு, அடுத்த வாரம் பாக்கலாம்னு விட்டுட்டாங்க.

அப்பா: நியாயமான கேள்வி. ரெண்டு கம்பு பத்தாது. எரட்டோஸ்தனீஸுக்குப் பூமி உருண்டைன்னு முன்னாடியே தெரியும். அவர் அளந்தது எவ்வளவு பெருசுங்கறத மட்டும்தான்.

அக்கா மகன் (இரவு 9:20): உக்காந்து போட்டுப் பாத்தேன் தாத்தா. பாப்பாவோட அளவயே வெச்சு. தட்டைன்னு வெச்சா நிழல் வித்தியாசம் 12 செ.மீ., தூரம் 600 கி.மீ. சூரியன் 5,000 கி.மீ. உயரத்துல இருந்தா ரெண்டு நிழலும் அச்சு அசலா வருது. இன்னும் வடக்கே 900 கி.மீ. போய் மூணாவது கம்பு வெச்சா தட்டைக்கு 66.5 செ.மீ. வரணும். உருண்டைன்னா 100 கிலோமீட்டருக்கு 1 பாகை, அப்போ 35 பாகை, நிழல் 70 செ.மீ.

அப்பா: மூணரை செ.மீ. வித்தியாசம். அளக்கக்கூடியதுதான். ஆனா உன் மாமா கம்பு 1 செ.மீ. பிசகியிருந்தா ரெண்டு நம்பருமே நகர்ந்துடும். மூணு பேரும் ஒரே நாள்ல புதுசா அளக்கணும். ஆளுக்கு மூணு கம்பு நட்டு சராசரி எடுத்தா இன்னும் நல்லது.

தம்பி: மூணு கம்பா?! மொட்டை மாடியில வேலி போட்டுடலாம் போல.

அண்ணி: என் வகுப்பையும் இதுல சேத்துக்கறேன். நாங்க பாப்பா ஸ்கூலுக்கும் தம்பி ஊருக்கும் நடுவுல இருக்கோம், இன்னொரு புள்ளி கிடைக்கும். திங்கக்கிழமை அவங்க டீச்சர் நம்பர் வாங்கிக் குடு.

நான்: கேட்டு வாங்கறேன் அண்ணி. ஆனா தம்பிக்கு வடக்கே 900 கி.மீ. தள்ளி நமக்கு யாரு இருக்கா?

அக்கா மகன்: சித்தி, எங்க வீடு.

அக்கா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அக்கா: எந்த நாள்னு சொல்லுங்க. கம்பு எவ்வளவு கனமா இருக்கணும்?