மகளை பிசிஷியன் அசிஸ்டென்ட் படிக்க வைக்கலாமா?

மன்னார்குடி அப்பா:
மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் சேர வேண்டும் என்கிறாள். இது நர்ஸ் வேலையா, பாதி டாக்டரா? குறுவைக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துத்தான் கட்ட வேண்டும், அதனால் கேட்கிறேன்.

கும்பகோணம் பிசிஷியன் அசிஸ்டென்ட்:
இரண்டும் இல்லை அண்ணே. நான் இதயப் பிரிவில் இருக்கிறேன். காலையில் வார்டுக்குப் போய் ஒவ்வொருவரிடமும் ராத்திரி மூச்சு முட்டியதா என்று கேட்டு, கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்து, குழி விழுந்தால் எழுதிவைத்து, ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் சொல்வேன். மருந்தை முடிவு செய்வது அவர்தான். தனியாக கிளினிக் போட முடியாது, இதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். நான் படித்தபோது மூன்று வருடம் வகுப்பு, அப்புறம் ஒரு வருடம் இன்டர்ன்ஷிப்.

திருவாரூர் நர்ஸ்:
அமெரிக்காவில் 1965-லேயே வந்த படிப்பு, நம் நாட்டில் 1992-ல் சென்னையில்தான் தொடங்கியது. துணை மருத்துவப் பணியாளர்களுக்காக 2021-ல் வந்த மத்திய சட்டத்தில் பிசிஷியன் அசிஸ்டென்ட்களையும் சேர்த்துவிட்டார்கள். சேர்க்கும் முன் அந்தக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு நாள் காலையில் போய், வார்டில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். காலிப் படுக்கையைப் பார்த்து பிள்ளை எதைக் கற்கும்?

மன்னார்குடி அப்பா:
சரிம்மா, திங்கட்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.