பிள்ளைகளின் சைக்கிளை விமானத்தில் கொண்டுபோனவர்கள் யாராவது இருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்தோடு வெளிநாட்டுக்குக் குடிபெயர்கிறோம். சோபா, கட்டிலை எல்லாம் கொடுத்தாச்சு. பிள்ளைகளின் இரண்டு சைக்கிளில்தான் வந்து நிற்கிறது. அங்கே போய்ப் புதுசு வாங்கலாம் என்றால் சின்னவள் இருக்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள்.

ஒன்றின் சக்கரம் 16 இஞ்ச், இன்னொன்றுக்கு 20 இஞ்ச். எடை பிரச்சினை இல்லை, பெரியதே 11 கிலோதான். எங்களுக்கு ஒரு பெட்டிக்கு 23 கிலோ வரை உண்டு. இடிப்பது அளவு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள் இருக்கணுமாம். முன்சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பினால் சின்னது எப்படியோ அடங்குகிறது. பெரியது 180ஐத் தொடுகிறது. இதை விளையாட்டு உபகரணம் என்ற கணக்கில் எடுப்பார்களா, கூடுதல் அளவு என்று தனியாக வசூலிப்பார்களா? விமான நிறுவனத்தை அழைத்துக் கேட்டால் ஆளுக்கொரு பதில்.

நேற்று ஒத்திகை பார்த்தேன். இடது பெடலை அரைமணி நேரம் இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன்! அதற்கு மரை எதிர்ப்பக்கம், வலப்புறம் சுற்றினால்தான் கழலும் என்று பிறகுதான் தெரிந்தது.

சைக்கிள் கடையில் கிடைக்கும் பழைய அட்டைப்பெட்டி தாங்குமா, பை வாங்கணுமா? செயின் பக்கம் வளையாமல் இருக்க என்ன வைத்தீர்கள்? டயரில் மண் ஒட்டியிருந்தால் சில நாடுகளில் இறங்கியதும் நிறுத்திவிடுவார்களாம். தண்ணீர் விட்டுக் கழுவினால் போதுமா?

கொண்டுபோய்ப் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். "விற்றுவிடுங்க" என்பவர்கள் தயவுசெய்து சின்னவளிடம் நேரில் பேசிக்கொள்ளவும்.