ஆமோஸ் புத்தகத்தின் கடைசி ஐந்து வசனங்கள்: ஒட்டுப்போட்டதா, உள்ளதுதானா?

மெதுவாசகன் (கேள்வி)

பழைய ஏற்பாட்டில் இருக்கிற ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்தை ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன். மொத்தம் 146 வசனம், அதில் பெரும்பகுதி அடி மேல் அடி. தமஸ்குவில் ஆரம்பித்து காத்சா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப், யூதா என்று சுற்றி இருக்கிறவர்களை எல்லாம் ஒரு பிடி பிடிக்கிறார். கேட்கிற இஸ்ரவேலர் ‘நன்றாக வேண்டும் அவர்களுக்கு’ என்று தலையாட்டியிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து அவர்கள் பக்கமே திரும்பி, ஏழையை ஒரு ஜோடி செருப்புக்கு விற்றவர்கள் நீங்கள்தானே என்கிறார். 8-ம் அதிகாரத்தில் பழக்கூடை தரிசனம், இஸ்ரவேலுக்கு முடிவு வந்துவிட்டது என்ற அறிவிப்பு.

அப்புறம் 9:11-க்கு வந்தால் தாவீதின் விழுந்த கூடாரம் எடுப்பிக்கப்படும், மலைகளிலிருந்து திராட்சரசம் வடியும், நட்டதை இனி யாரும் பிடுங்க மாட்டார்கள். எனக்கு இது இடிக்கிறது. கடைசியில் எல்லாம் சரியாகிவிடும் என்றால் அந்த நியாயத்தீர்ப்புக்கு என்ன கனம்? இல்லை, பிற்காலத்தில் யாராவது மனம் கேட்காமல் சேர்த்துவிட்டார்களா?

ஏட்டுச்சுவடி

சேர்த்தது என்று சொல்கிற ஆய்வாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் காரணமும் லேசுப்பட்டதல்ல. ஆமோஸ் தெக்கோவாக்காரர், அதாவது தெற்கே யூதா. ஆனால் போய்ப் பேசியது வடக்கே இஸ்ரவேல் ராஜ்யத்தில், அதன் ராஜா இரண்டாம் யெரொபெயாம் காலத்தில், கி.மு. 8-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். அப்போது எருசலேமில் தாவீதின் வம்சம் சிங்காசனத்தில்தான் உட்கார்ந்திருந்தது, விழவே இல்லை. ‘விழுந்த கூடாரம்’ என்பது கி.மு. 586-ல் எருசலேம் அழிந்த பிறகு எழுதியவரின் பார்வை என்கிறார்கள். ராஜ்யம் சாலொமோனுக்குப் பின் இரண்டாக உடைந்ததையே ஆமோஸ் விழுந்ததாகச் சொல்கிறார் என்று மறுப்பவர்களும் உண்டு.

ஆனால் அந்த ஐந்து வசனத்தை வெட்டி எறிந்தாலும் உங்கள் கேள்வி போகாது. 5:15-ஐப் பாருங்கள், யோசேப்பில், அதாவது வடக்கு ராஜ்யத்தில், மீதியானவர்களுக்குக் கர்த்தர் ஒருவேளை இரங்குவார் என்று நடுப்புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த ‘ஒருவேளை’யில்தான் எல்லாம் தொங்குகிறது.

பானைச்சாசனம்

மேலே உள்ளவர் சொன்னது சரி, ஆனால் யார் எப்போது எழுதினார் என்பதோடு நிறுத்தினால் விஷயம் பிடிபடாது. எரேமியா 28-ஐயும் 32-ஐயும் அடுத்தடுத்து வாசியுங்கள்.

28-ல் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்னாலும் நின்று, இரண்டே வருடத்தில் பாபிலோனின் நுகம் முறியும், ஆலயத்திலிருந்து கொண்டுபோன பாத்திரங்கள் எல்லாம் திரும்பி வரும் என்கிறார். பாபிலோனுக்குப் பணியுங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டுகிறார். எரேமியாவின் முதல் வார்த்தை ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக’. அவருக்கும் ஆசைதான்! ஆனால் நடக்காது என்று தெரியும். அனனியா சொன்னதும் மீட்புச் செய்திதான், நியாயத்தீர்ப்பைக் கழற்றி வைத்துவிட்ட மீட்பு. அதைத்தான் பொய் என்கிறது புத்தகம்.

32-ல் பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி மண்மேடு போட்டுவிட்டது. நகரம் விழும் என்று சொன்னதற்காகவே எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அங்கே அவருடைய அப்பாவின் சகோதரன் மகன் அனாமெயேல் வந்து ஆனதோத்தில் இருக்கிற நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரி சூழ்ந்த நாட்டில் ஒரு வயல்! எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார், சாட்சி வைக்கிறார், முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று, இரண்டையும் நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லி தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுக்கிறார். இந்த தேசத்தில் மறுபடியும் வீடும் வயலும் திராட்சத்தோட்டமும் கொள்ளப்படும் என்பதற்கு அது அடையாளம். எல்லாம் முடித்துவிட்டு, ‘நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறது, நீர் நிலம் வாங்கச் சொல்கிறீரே’ என்று அவரே குழம்பி ஜெபிக்கிறார்.

மண்மேடு அப்படியே நிற்கிறது, பத்திரமும் எழுதப்படுகிறது. ஒன்று மற்றதை ரத்து செய்யவில்லை. தீர்க்கதரிசிகளிடம் மீட்பு என்றால் அழிவுக்கு அந்தப்பக்கம் இருப்பது, குறுக்குவழி கிடையாது. ஆமோஸின் கடைசி ஐந்து வசனத்தையும் நான் அப்படித்தான் வாசிக்கிறேன், யார் எழுதியிருந்தாலும் சரி.

மெதுவாசகன்

நிலம் வாங்கின கதையை இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை, நன்றி. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. முற்றுகையில் பசியில் செத்தவனுக்கு அந்தப் பத்திரத்தால் என்ன லாபம்? திரும்பி வந்தவர்கள் வேறு ஆட்கள்தானே.

ஏட்டுச்சுவடி

வடக்கு ராஜ்யத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கி.மு. 722 வாக்கில் சமாரியா விழுந்தது, அசீரியர் பிடித்துக்கொண்டு போனவர்கள் ஒரு ராஜ்யமாகத் திரும்பவே இல்லை. தெற்கிலும் பெர்சிய ராஜா கோரேசு கி.மு. 539-ல் பாபிலோனைப் பிடித்த பிறகு திரும்பியது ஒரு பகுதிதான். புது ஆலயத்துக்கு அஸ்திவாரம் போட்டபோது முதல் ஆலயத்தைப் பார்த்திருந்த கிழவர்கள் சத்தமிட்டு அழுதார்கள் என்று எஸ்றா 3 சொல்கிறது. திராட்சரசம் வடியும் மலை எதையும் அவர்கள் பார்க்கவில்லை.

பானைச்சாசனம்

உறுத்த வேண்டிய இடம்தான், வேதாகமமே அதை மூடி மறைக்கவில்லை. எருசலேமின் அழிவுக்கு அழுகிற புலம்பல் புத்தகத்தில் 5:7: எங்கள் பிதாக்கள் பாவம் செய்து போய்ச்சேர்ந்தார்கள், அவர்கள் அக்கிரமத்தை நாங்கள் சுமக்கிறோம். எசேக்கியேல் 18 இதற்கு நேர் எதிராக வழக்காடுகிறது, பாவம் செய்கிற ஆத்துமாவே சாகும், அப்பன் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்று. இரண்டு புத்தகமும் ஒரே அழிவைப் பற்றித்தான் பேசுகின்றன, இரண்டையும் தொகுப்பில் வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் உட்கார்ந்து முரண்பாட்டைச் சரிசெய்யவில்லை என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

புலம்பலின் கடைசி வசனம், எங்களை அறவே வெறுத்துவிட்டீரோ என்கிற தொனியில் முடிகிறது. யூதர்கள் ஆலய அழிவின் துக்கநாளில் இதை வாசிக்கும்போது கடைசி வசனத்தோடு நிறுத்துவதில்லை. ‘எங்களை உம்மிடத்தில் திருப்பிக்கொள்ளும்’ என்ற அதற்கு முந்தின வசனத்தை இன்னொரு முறை சொல்லித்தான் முடிப்பார்கள். ஏசாயா, மல்கியா முடிவுகளிலும் இதே வழக்கம். ஒட்டுப்போடுகிற மனசு பற்றிக் கேட்டீர்களே, அது ஆமோஸோடு நிற்கவில்லை. ஆனால் அந்தக் கசப்பான கடைசி வசனத்தை யாரும் அழிக்கவில்லை, முதலில் அதையும் வாசிக்கிறார்கள்.