ரெண்டு வருசம் எலியக் காணல்ல, இந்த மாரி வயல் வட்டையெல்லாம் எலி. ஏன்?

படுவான்கரையான்:
மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலைப் பக்கம் 3 ஏக்கர் நெல் வெள்ளாமை எங்களுக்கு. குடலை விடுற, அதான் கதிர் தண்டுக்குள்ள உருவாகிற நேரம் பார்த்து நடு வயலுக்குள்ள வட்டம் வட்டமா நறுக்கிப் போட்டிரிக்கி, வரம்போரம் பச்சையா நிக்கிறதால வெளியால நிண்டு பார்த்தா தெரியவே தெரியாது. எலி மருந்து வச்சுக் குறைச்சதுதானே, பிறகு எப்பிடி இவ்வளவு? முந்தி பொழுதுபட்டா நரி ஊளையிடும், கூகை வாடியில, அதான் காவல் குடிசையில வந்து குந்தும் எண்டு அப்பா சொல்றாரு, இப்ப ஒண்டையும் காணல்ல.

வாவிக்கரை:
தம்பி, எலி பெருகினா அதத் திண்ணுற கூகையும் சாரையும் பெருகும், அதுகள் திண்டு எலி குறையும், பிறகு அதுகளும் பட்டினியில குறைய எலிக்குத் திரும்ப நல்ல காலம். கனடாவில முயலும் லின்க்ஸ் எண்ட காட்டுப்பூனையும் 10 வருசத்துக்கொருக்கா இப்பிடி ஏறி இறங்குது, தோல் வாங்கின ஹட்சன்ஸ் பே கம்பனிட பழைய கணக்குகளிலயே அது தெரியுது. பூனை மட்டும் காரணமில்ல, முயல் கூடினா மேய்ச்சலும் முடிஞ்சிரும்.

வட்டைக்காரி:
மருந்தாலதான் தம்பி. எலி வயிறு வச்சு 3 கிழமையில குட்டி போடும், அந்தக் குட்டி ரெண்டு மூண்டு மாசத்தில தாயாகிரும், கூகையும் பாம்பும் அந்த வேகத்துக்கு வராது. மருந்து திண்ட எலி உடனே சாகாம நாலஞ்சு நாள் தள்ளாடித் திரியும், கூகைக்கு அதைத்தான் லேசாப் பிடிக்கலாம். எங்கட வாடிக்குப் பின்னால ஒண்டு செத்துக் கிடந்தது, செட்டையத் தூக்கிப் பார்த்தன், காயமே இல்ல, வாயில மட்டும் ரத்தம். அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கல்ல. இன்னொண்டு, பக்கத்து வயலுகள் முன்னப்பின்ன விதைச்சா எலிக்கு மாசக்கணக்கா குடலை கிடைக்கும், குட்டியும் போட்டுக்கிட்டே இரிக்கும், கண்டத்து ஆக்கள் எல்லாரும் ஒரே கிழமையில விதைக்கோணும்.

படுவான்கரையான்:
அப்ப நரியும் கூகையும் தானாத் திரும்பி வருமா அக்கா?

வாவிக்கரை:
நான் சொல்றன். திரும்ப ஏற கொஞ்சமாவது மிஞ்சோணும். அலாஸ்காவில சென் மத்தியூ எண்ட தீவில 1944ல 29 ரெயின்டீர் மான் விட்டாங்க, பிடிச்சுத் திண்ண ஓநாய் இல்ல, 1963ல 6000, தீவில இருந்த பாசியெல்லாம் மேஞ்சு முடிச்சிட்டுதுகள். அடுத்து வந்த கடும் பனியோட சரிஞ்சு 1966ல எண்ணினா 42, அதில கிடா ஒண்டே ஒண்டு. பிறகு ஒண்டுமே மிஞ்சல்ல. நாலஞ்சு மட்டும் நிக்கிற இடத்தில ஒரு நோய், ஒரு வெள்ளம், 1978ல மட்டக்களப்ப அடிச்ச சூறாவளி மாதிரி ஒண்டு வந்தா அதோட முடிஞ்சிரும். மிஞ்சினதுகள் தங்க இடம் வேணும், வாய்க்கால் ஓரத்துப் பத்தைய எரிக்காதீங்க, பொந்துள்ள பழைய மருத மரத்த வெட்டாதீங்க.

படுவான்கரையான்:
எங்கட வாய்க்காலடியில அப்பிடி ஒரு மருது நிக்கிது, வாற கிழமை பலகைக்கு வெட்ட இருந்தாங்க. அப்பாட்ட இப்பவே சொல்லி நிப்பாட்டுறன்.