பெர்ஃபாமன்ஸ் 110% வருகிறது, இது எப்படி? ஓ.இ.இ கணக்கில் உதவி தேவை

துவாஸ்_தம்பி | திங்கள் இரவு 9.40

வணக்கம். சிங்கப்பூர் துவாஸில் ஒரு பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் ஃபாக்டரியில் டெக்னீஷியனாக இருக்கிறேன். போன மாதம்தான் லைன் லீடர் ஆக்கினார்கள். கூடவே ஓ.இ.இ (மெஷின் தன் முழுத் திறனில் எவ்வளவு நல்ல பீஸ் தந்தது என்கிற சதவீதம்) கணக்கையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். முன்பு அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். அவர் விட்டுப்போன எக்செல் ஷீட்டில் எண்களை நிரப்புவது மட்டும்தான் என் வேலை. உள்ளே என்ன ஃபார்முலா இருக்கிறது என்று நேற்றுவரை திறந்துகூடப் பார்த்ததில்லை.

7ஆம் நம்பர் மெஷின், 4 கேவிட்டி மோல்டு (ஒரு தடவைக்கு 4 பீஸ் வரும் அச்சு). சனிக்கிழமை பகல் ஷிப்டின் கணக்கு இது:

ஷிப்ட் காலை 8 முதல் இரவு 8 வரை, 720 நிமிடம். சாப்பாடு, டீ சேர்த்து 60 நிமிடம் கழித்தால் 660.
காலையில் மோல்டு ஏற்ற 75 நிமிடம், மதியம் ஹீட்டர் பேண்ட் போனதால் 21 நிமிடம். ஆக 96 நிமிடம் நின்றது. ஓடியது 564 நிமிடம்.
சைக்கிள் டைம் (ஒரு தடவை பீஸ் எடுக்க ஆகும் நேரம்) 30 விநாடி, அதாவது நிமிடத்துக்கு 8 பீஸ்.
கவுண்டரில் 4,960 பீஸ். ரிஜெக்ட் 124.

ஷீட் சொல்வது: அவெய்லபிலிட்டி (ஓடிய நேரம்) 85.5%, பெர்ஃபாமன்ஸ் (ஓடிய வேகம்) 110%, குவாலிட்டி (நல்ல பீஸ்) 97.5%. மூன்றையும் பெருக்கினால் ஓ.இ.இ 91.6%.

மேனேஜர் சந்தோஷமாகப் பச்சை மார்க்கரில் போர்டில் எழுதிவிட்டார். ஆனால் இதே மெஷினில் வரும் பார்ட்தான் மூன்று வாரமாக டெலிவரி லேட். நூற்றுக்கு நூற்றுப்பத்து வேலை செய்கிற மெஷின் எப்படி லேட்டாகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எக்செல்_கில்லாடி | திங்கள் இரவு 10.05

ஒன்றும் பயப்பட வேண்டாம். 100%க்கு மேல் போனால் 100 என்றே காட்டும்படி ஃபார்முலாவில் ஒரு தடை போடுங்கள். எங்கள் கம்பெனியில் அப்படித்தான். ஓ.இ.இ 83.3% வரும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பழைய_மோல்டுக்காரர் | திங்கள் இரவு 11.20

யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதுதான் தம்பி இதில் கெடுதலே. அந்தத் தடையைப் போட்டுவிடாதீர்கள். இப்போதைக்கு அந்த 110 ஒன்றுதான் உங்களுக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஜூரோங்கிலும் துவாஸிலுமாக முப்பது வருடம் மோல்டிங்கில் இருந்தவன் நான். பெர்ஃபாமன்ஸ் என்பது, ஓடிய நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பீஸ் வந்திருக்கலாம், உண்மையில் எத்தனை வந்தது என்கிற விகிதம். அதிகபட்சத்தைவிட அதிகமாக வராது. வந்தால் ஒன்று உங்கள் அளவுகோல் தப்பு, இல்லை கடிகாரம் தப்பு. இரண்டுமே தப்பாகவும் இருக்கலாம்.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். அந்த 30 விநாடி எங்கிருந்து வந்தது? கவுண்டர் ஷாட்டை எண்ணி நாலால் பெருக்குகிறதா, நாலு கேவிட்டியும் திறந்துதான் இருக்கிறதா? நான் பார்த்த ஒரு ஃபாக்டரியில் ஒரு கேவிட்டியை அடைத்துவிட்டு மூன்றில் ஓட்டிக்கொண்டே ஆறு மாதம் நாலால் பெருக்கினார்கள். மூன்றாவது கேள்வி முக்கியம்: ஆட்கள் சாப்பிடப் போகும்போது மெஷின் நிற்கிறதா?

30 விநாடியை ஷீட்டில் தேடாதீர்கள். போன் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு மெஷின் முன்னால் நில்லுங்கள். மோல்டு மூடும் சத்தத்திலிருந்து அடுத்து மூடும் சத்தம் வரை ஒரு ஷாட். தொடர்ந்து இருபது ஷாட் எடுத்து இருபதால் வகுங்கள். ஒற்றை ஷாட்டை அளந்தால் உங்கள் விரல் வேகம்தான் தெரியும்.

உட்லண்ட்ஸ்_அக்கா | செவ்வாய் காலை 7.15

வேலைக்குப் போகிற வழியில் எழுதுகிறேன், சுருக்கமாக. நான் வேஃபர் ஃபேபில் (சிப் செய்யும் ஃபாக்டரி) இருக்கிறேன். எங்களுக்கு செமி ஈ10 என்கிற தர விதிமுறை. மெஷினின் முழு நேரத்தையும் ஆறு நிலைகளில் ஏதாவது ஒன்றில் போட்டாக வேண்டும்: உற்பத்தி, சும்மா காத்திருப்பது, இன்ஜினியரிங் சோதனை, திட்டமிட்ட நிறுத்தம், திடீர் நிறுத்தம், வேலை நேரமே இல்லாதது. வாரத்துக்கு 168 மணி நேரம், ஒரு நிமிடம்கூட வெளியே விழக் கூடாது. ஆபரேட்டர் சாப்பிடப் போனதால் மெஷின் நின்றால் அது காத்திருப்பில்தான் வரும். கணக்கிலிருந்து கழிப்பதில்லை.

உங்கள் மாதிரி ஃபாக்டரிகளில் சாப்பாட்டு நேரத்தைக் கழிப்பது வழக்கம்தான், அதில் தப்பில்லை. ஆனால் கழித்துவிட்டால் அந்த நேரத்தில் மெஷின் நிஜமாகவே நிற்க வேண்டும். நேரத்தைக் கழித்துவிட்டு, அந்த நேரத்தில் வந்த பீஸை மட்டும் எண்ணிக்கொண்டால் 110 என்ன, 120கூட வரும்.

துவாஸ்_தம்பி | செவ்வாய் இரவு 10.30

அண்ணே, அக்கா, இருவருக்கும் நன்றி. இருவர் சொன்னதுமே சரியாக இருக்கிறது.

இருபது ஷாட்டுக்கு 8 நிமிடம் 40 விநாடி. ஷாட்டுக்கு 26 விநாடி. நாலு கேவிட்டியும் திறந்திருக்கிறது. 30 விநாடி எங்கிருந்து வந்தது என்று பிராசஸ் ஆளிடம் கேட்டேன், சிரித்தார். அது கஸ்டமருக்கு விலை சொன்னபோது போட்ட கொட்டேஷன் எண்ணாம். மோல்டு வந்த பிறகு சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) இணைத்து, கூலிங் நேரத்தைக் குறைத்து, 25 விநாடியில் நல்ல பார்ட் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். செட்டிங் ஷீட்டில் 25 என்றே கையெழுத்தோடு இருக்கிறது. எக்செலில் யாரும் மாற்றவில்லை.

சாப்பாடு: மெஷின் நிற்பதே இல்லை. ரோபோதான் பார்ட்டை எடுக்கிறது, பக்கத்து மெஷின் ஆள் வந்து பார்த்துக்கொள்கிறார்.

மறுபடி போட்டேன். 720 நிமிடம், நின்றது 96, ஓடியது 624. 25 விநாடி என்றால் நிமிடத்துக்கு 9.6 பீஸ், 624 நிமிடத்துக்கு 5,990 வந்திருக்க வேண்டும். வந்தது 4,960. அவெய்லபிலிட்டி 86.7%, பெர்ஃபாமன்ஸ் 82.8%, குவாலிட்டி அதே 97.5%. ஓ.இ.இ 70%.

கை நடுங்குகிறது. 91.6ஐ 70 என்று எப்படிப் போய்ச் சொல்வேன்? நான் லைன் லீடர் ஆன மாதத்தில்தான் விழுந்தது என்று நினைப்பார்கள்.

பழைய_மோல்டுக்காரர் | செவ்வாய் இரவு 11.50

முதலில் ஒன்று கவனியுங்கள். சாப்பாட்டு நேரத்தை மட்டும் திருத்திவிட்டு 30 விநாடியை அப்படியே விட்டிருந்தால் பெர்ஃபாமன்ஸ் எவ்வளவு வந்திருக்கும் தெரியுமா? 4,960ஐ 4,992ஆல் வகுத்தால் 99.4%. அழகான எண். நீங்களும் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள், நானும் இந்த நேரத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்க மாட்டேன். இரண்டு தப்பும் சேர்ந்து வந்தது உங்கள் அதிர்ஷ்டம்.

மேனேஜரிடம் நாளைக்கே ஓட வேண்டாம். வெறும் 70ஐக் கொண்டுபோனால் திட்டுதான் கிடைக்கும். 5,990க்கும் 4,960க்கும் இடையில் 1,030 பீஸ். 9.6ஆல் வகுத்தால் 107 நிமிடம். மெஷின் ஓடியது என்று ரிப்போர்ட் சொல்கிற நேரத்துக்குள் ஒன்றே முக்கால் மணி நேரம் காணாமல் போயிருக்கிறது. அது எங்கே போனது என்று கண்டுபிடித்துவிட்டுப் போங்கள்.

ரிப்போர்ட்டில் எத்தனை நிமிடத்துக்கு மேல் நின்றால் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறீர்கள்? பெரும்பாலும் ஐந்து நிமிடமாக இருக்கும். அப்படியானால் அதற்குக் கீழே நின்றதெல்லாம் யார் கண்ணிலும் படாது. ஒரு நாற்காலி, ஒரு நோட்டு, இரண்டு மணி நேரம். உட்கார்ந்து பாருங்கள். ஆபரேட்டரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், உன்னைப் பார்க்க வரவில்லை, மெஷினைப் பார்க்க வந்தேன் என்று. இல்லாவிட்டால் அந்த இரண்டு மணி நேரமும் வேறு மாதிரி ஓடும்.

தரநிலை_85 | புதன் காலை 8.10

ஓ.இ.இ 85% தான் உலகத் தரம். 70 என்றால் மோசம். மேனேஜர் கோபப்படுவது நியாயம்தானே?

உட்லண்ட்ஸ்_அக்கா | புதன் மதியம் 12.40

அந்த 85 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஜப்பானில் டி.பி.எம் (எல்லோரும் சேர்ந்து மெஷினைப் பராமரிக்கும்) முறையை வளர்த்த செய்ச்சி நாகஜிமா சொன்ன இலக்கு: அவெய்லபிலிட்டி 90, பெர்ஃபாமன்ஸ் 95, குவாலிட்டி 99. பெருக்கினால் 84.6. அங்கே பரிசு வாங்கிய தொழிற்சாலைகளின் அனுபவத்தை வைத்துச் சொன்னது. ஒரே பார்ட்டை வாரக்கணக்கில் ஓட்டுகிறவருக்கும் தினம் மோல்டு மாற்றுகிறவருக்கும் அதே இலக்கு எப்படிப் பொருந்தும்? தம்பி அவருடைய 7ஆம் நம்பரை அவருடைய 7ஆம் நம்பரோடுதான் ஒப்பிட வேண்டும், அதுவும் ஒரே மோல்டு, ஒரே கணக்கில்.

(இதற்கு மேல் 85 பற்றிச் சண்டை வேண்டாம், தம்பி பதில் எழுதட்டும்.)

துவாஸ்_தம்பி | வியாழன் இரவு 9.15

உட்கார்ந்து பார்த்தேன். அதே மோல்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. காலை 10 முதல் 12 வரை.

அந்த மெஷினில் ஜொகூரிலிருந்து தினமும் வந்து போகும் ஒரு அக்கா வேலை செய்கிறார். கையில் கத்தியோடு பார்ட்டின் கேட்டை (பிளாஸ்டிக் உள்ளே போன இடத்தில் ஒட்டியிருக்கும் துண்டு) வெட்டிக்கொண்டே இருப்பார். ரோபோ அலாரம் அடித்தது. அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. கையிலிருந்த பார்ட்டை வெட்டி முடித்தார், டிரேயில் வைத்தார், எழுந்தார், கதவைத் திறந்து கீழே விழுந்த பார்ட்டை எடுத்துப் போட்டார், கதவை மூடி ரீசெட் அழுத்தினார், உட்கார்ந்தார். அடிக்கடி நடக்குமா என்று கேட்டேன். "இது எப்பவும் உள்ளதுதானே தம்பி" என்றார். அலாரம் அவருக்கு அலாரமாகவே படவில்லை.

இரண்டு மணி நேரத்தில் 11 முறை. மொத்தம் 14 நிமிடம். ஒரு நிறுத்தம் சராசரியாக 76 விநாடி, ஒன்றுகூட ரிப்போர்ட்டில் வராது. மெஷின் ஓடிய 624 நிமிடத்துக்குப் பெருக்கினால் 73 நிமிடம். அதோடு, 25க்குப் பதில் 26 விநாடியில் ஓடுவது. 1,240 ஷாட், ஷாட்டுக்கு ஒரு விநாடி, 21 நிமிடம். ஆக 94. அண்ணே, நீங்கள் தேடச் சொன்ன 107இல் பெரும்பகுதி கிடைத்துவிட்டது! எம்ஆர்டியில் போட்ட கணக்கு, துவாஸ் லிங்க்கில் ஆரம்பித்து பூன் லேயில் முடித்தேன்.

காரணமும் தெரிந்துவிட்டது. ரோபோ கையில் இருக்கும் சக்‌ஷன் கப் நாலில் இரண்டு விளிம்பில் வெடித்திருக்கிறது. விரலால் அழுத்தினால் மடங்கியது மடங்கியபடி நிற்கிறது. சூடான பார்ட்டைப் பிடிக்கும்போது காற்று உள்ளே போய்விடுகிறது, பார்ட் நழுவுகிறது, வேக்குவம் சென்சார் அலாரம் அடிக்கிறது.

இன்னொன்றும் அகப்பட்டது. சனிக்கிழமை ஸ்டோருக்குப் போனது 200 பீஸ் கார்ட்டன் 23, உதிரி 176. ஆக 4,776. ரிப்போர்ட்படி நல்ல பீஸ் 4,836. 60 குறைகிறது.

பழைய_மோல்டுக்காரர் | வியாழன் இரவு 10.00

60ஐ நாலால் வகுத்தால் 15 ஷாட். மோல்டு ஏற்றியதும் முதலில் வருகிற ஷார்ட் ஷாட்டுகளை (மோல்டு முழுதும் நிரம்பாத பீஸ்) என்ன செய்கிறீர்கள்?

துவாஸ்_தம்பி | வியாழன் இரவு 10.04

நேராக கிரைண்டர் தொட்டியில் போடுவோம்... ஐயோ. கவுண்டர் எண்ணிவிடுகிறது, க்யூசிக்கு (தரப் பரிசோதனை) போகாததால் ரிஜெக்டில் வருவதில்லை.

பழைய_மோல்டுக்காரர் | வியாழன் இரவு 10.20

அதேதான். பவுடராக்கித் திரும்ப உபயோகித்தாலும் அந்த 15 ஷாட்டுக்கு மெஷின் நேரம் போனது போனதுதான். ரிஜெக்ட் 184 என்று போடுங்கள். குவாலிட்டி 96.3%, ஓ.இ.இ 69.1%. க்யூசியில் சீவி, துடைத்துத் திரும்ப நல்லதாக்குகிற பீஸ் இருந்தால் அதையும் ரிஜெக்டில்தான் சேர்க்க வேண்டும், முதல் தடவையே சரியாக வந்தது மட்டும்தான் நல்ல பீஸ்.

மேனேஜரிடம் போகும்போது ஒரே தாளில் பழைய கணக்கு, புதுக் கணக்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். அதே சனிக்கிழமை, அதே பீஸ். எதுவும் விழவில்லை, அளவுகோல்தான் மாறியது என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஒரு மாதம் இரண்டையும் போர்டில் போடச் சொல்லுங்கள். கூடவே அந்த வெடித்த கப்பைச் சட்டைப் பையில் எடுத்துப் போங்கள்.

அந்த அக்காவிடம் நிமிடம் எழுதச் சொல்லாதீர்கள், எழுத மாட்டார், நானும் எழுத மாட்டேன். ரீசெட் அழுத்தும்போதெல்லாம் ஒரு கோடு போட்டால் போதும். ஷிப்ட் முடிவில் கோடுகளை எண்ணிக்கொள்ளலாம்.

துவாஸ்_தம்பி | சனி இரவு 9.50

கப்பை மேஜையில் வைத்தேன். மேனேஜர் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "அப்போ மற்ற மெஷின்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. எனக்கும் பதில் தெரியவில்லை, 11 மெஷின் இருக்கிறது, எல்லாவற்றிலும் கொட்டேஷன் எண்தான் போலிருக்கிறது. திட்டவில்லை. 69.1ஐச் சிவப்பில் எழுதினார், பக்கத்திலேயே பழைய 91.6ஐயும் விட்டுவைத்தார்.

நாலு கப்பையும் நேற்று மாற்றினேன், இருபது நிமிட வேலை. இன்று இரண்டு மணி நேரம் பார்த்ததில் இரண்டே முறை நின்றது, இரண்டும் ரன்னர் (பார்ட்டோடு சேர்ந்து வரும் கழிவுத் தண்டு) சிக்கியதால். அக்கா கோடு போடும் தாளை மெஷின் கதவிலேயே ஒட்டிவிட்டார்.

அந்த 26 விநாடிக்கும் ஆள் கிடைத்தார். பார்ட்டில் சிங்க் மார்க் (மேற்பரப்பில் லேசான குழி) விழுகிறதென்று நைட் ஷிப்ட்காரர் கூலிங்கை ஒரு விநாடி கூட்டியிருக்கிறார். ஷீட்டில் எழுதவில்லை. திரும்ப 25ஆக்கிவிடட்டுமா?

பழைய_மோல்டுக்காரர் | சனி இரவு 10.15

வேண்டாம். அவர் காரணமில்லாமல் கூட்டவில்லை, குறைத்தால் சிங்க் மார்க்தான் திரும்ப வரும். முன்பு 25இல் நல்ல பார்ட் வந்த மோல்டுக்கு இப்போது ஏன் குளிர்ச்சி போதவில்லை? மோல்டின் தண்ணீர் லைனைக் கழற்றிப் பாருங்கள், போகிற தண்ணீரின் அளவையும் பாருங்கள். உள்ளே துரு படிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நைட் ஷிப்ட்காரரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

துவாஸ்_தம்பி | சனி இரவு 10.22

திங்கட்கிழமை மோல்டு இறங்குகிறது. அப்போது கழற்றிப் பார்த்துவிட்டுப் படம் போடுகிறேன் அண்ணே.