தாத்தா 80 (பாளை வீடு)

செந்தில்: ஞாயிறன்று ஹாலில் தாத்தாவின் அறுபதாம் கல்யாண வீடியோ போடலாம் என்று பார்த்தால், பென் டிரைவ் டிவியில் ஓடுகிறது, சத்தமும் டிவியில்தான். ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் கொடுக்கும் ரிசீவர் பெட்டியில் மூச்சே இல்லை. எச்டிஎம்ஐ வயர் போட்டாச்சு.

மீனா: அந்தப் பெட்டி இன்னும் இருக்கா?

சங்கர்: 2008-ல் மஸ்கட்டிலிருந்து நான் தூக்கிக்கொண்டு வந்தது. பரணில் போட்டது யாரென்று கேட்கவில்லை.

முத்துலட்சுமி: கேட்காமலேயே கேட்டாச்சு

கணேசன்: செந்தில், பொறுமையாக வாசி. டிவியில் ஓடும் சத்தம் அதே எச்டிஎம்ஐ வயரில் ரிசீவருக்குத் திரும்பி வர, இரண்டு பக்கமும் ஏஆர்சி என்கிற வசதி வேண்டும். அது 2009-ல் எச்டிஎம்ஐ 1.4-உடன்தான் வந்தது. நம் பெட்டி அதற்கு முந்தியது, ஆகவே அந்த வயர் ரிசீவரிலிருந்து டிவிக்குப் படத்தைக் கொண்டுபோகும், அவ்வளவுதான், எவ்வளவு விலைக்கு வேறு வயர் வாங்கினாலும் இதே கதை. டிவியின் பின்னால் ஆப்டிகல் என்று போட்டு ஒரு சின்னச் சதுர ஓட்டை இருக்கும், அதிலிருந்து ரிசீவரின் ஆப்டிகல் இன்னுக்கு ஒரு வயர் போடு. புது வயரில் இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் மூடி இருக்கும், கழற்றிவிட்டுச் சொருகு. டிவி பக்கம் சொருகினால் மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். மடக்கிவிடாதே.

செந்தில்: சரி சித்தப்பா

முத்துலட்சுமி: மீனா அப்பா வீட்டிலிருந்து எத்தனை பேர்? இட்லி சொல்லணும்

கணேசன்: இன்னும் முடிக்கவில்லை. டிவி செட்டிங்கில் சத்தத்தை ஆப்டிகலுக்கு மாற்றி பிசிஎம் வை, அதாவது சுருக்காத சாதாரண சத்தம். ஆப்டிகலில் ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு பாஸ் பெட்டிக்கும் தனித்தனியாகச் சத்தம் தரும் டால்பி டிஜிட்டல் 5.1-ம் போகும், ஆனால் கல்யாண வீடியோவில் இருப்பது ஸ்டீரியோ, அதற்கு பிசிஎம் போதும். ரிசீவரிலும் எந்த ஓட்டையில் சொருகினாயோ அந்த இன்புட்டை வைக்கணும், இதை எல்லாரும் விட்டுவிடுவார்கள்.

மீனா: 5.1 எங்கே மாமா, நடு ஸ்பீக்கர்தான் நாகர்கோவில் போயாச்சே

முத்துலட்சுமி: அப்பா கையால் கொடுத்தது. நானாகத் தூக்கிக்கொண்டு வரவில்லை.

சங்கர்: அக்கா, வாங்கினவனிடம் ஒரு வார்த்தை?

கணேசன்: அதை விடுங்கள். ரிசீவர் மெனுவில் சென்டர், அதாவது நடு ஸ்பீக்கர், இல்லை என்று வைத்தால் பேச்சு முன்னால் உள்ள இரண்டிலும் வரும். ஸ்பீக்கர் வயரில் சிவப்பும் கறுப்பும் ஒன்றில் மட்டும் மாறியிருந்தால் பாஸ் செத்துப்போகும், அதையும் பார்.

மீனா: ஆச்சி சொல்லச் சொன்னார்கள். தாத்தாவுக்குக் காதே கேட்காதாம், நாகஸ்வரம் மட்டும் சத்தமாக வைத்தால் போதுமாம்.

சங்கர்: 😂

செந்தில்: டவுன் கடையில் ஆப்டிகல் இல்லை. ஜங்ஷனில் ஞாயிறு காலை கேட்கச் சொல்கிறார்கள்.

கணேசன்: ஞாயிறு வரை காத்திருக்காதே. ஹெட்போன் ஓட்டையிலிருந்து சிவப்பு வெள்ளை முனை வயர் ஒன்று ரிசீவரில் ஆக்ஸ் என்று போட்ட சிவப்பு வெள்ளை ஓட்டைகளுக்குப் போடு, ஸ்டீரியோ வீடியோவுக்கு அது தாராளம்.

செந்தில்: முதலிலேயே அதைச் சொல்லியிருக்கலாம் சித்தப்பா

கணேசன்: ஆப்டிகல்தான் முறை. இரைச்சல் ஏறாது. ஆனால் டிவி ரிமோட்டில் சத்தம் ஏறி இறங்காது, பெரும்பாலும் ரிசீவர் ரிமோட்தான். அது எங்கே?

மீனா: 👀 அத்தை?

முத்துலட்சுமி: ரிமோட்டை நான் என்ன செய்ய? இட்லி 150 சொல்லிவிட்டேன்

சங்கர்: 150 எதற்கு

செந்தில்: இப்போதைக்குச் சிவப்பு வெள்ளை வயர் வாங்கி வைக்கிறேன். ஆப்டிகல் கிடைத்தால் பார்க்கலாம்.

கணேசன்: எத்தனை மீட்டர் வேண்டும் என்று அளந்தாயா?