ஹார்ட்டெயில் ஆக்கப்பட்ட கிளாசிக் 350: முன் ஃபோர்க்கை எப்படிச் சரிசெய்வது?

ஹலசூரு ரைடர்:

நண்பர்களுக்கு வணக்கம். பெங்களூரில் ஹலசூரில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு, 2012-ஆம் ஆண்டு மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஒன்றை வாங்கினேன். முந்தைய உரிமையாளர் அதை ஒரு பட்டறையில் கொடுத்து, பின்சக்கரத்தை மேலும் கீழும் அசையவிடும் ஸ்விங் ஆர்மையும் இரண்டு ஷாக்கப்களையும் எடுத்துவிட்டு, சேஸிஸின் பின்பாதியை அசையாத குழாய்ச் சட்டமாக வெல்டிங் செய்து ஹார்ட்டெயில் ஆக்கியிருக்கிறார். தோற்றத்துக்காக ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. அந்த ஆசை இன்றும் குறையவில்லை.

வேகத்தடையில் இடுப்பில் அடி விழும் என்பது தெரிந்துதான் வாங்கினேன். நான் எதிர்பாராதது முன்பக்கத்தின் போக்குதான். பின்சக்கரம் மேட்டில் ஏறி உதைக்கும் அதே நொடியில் முன்பக்கம் குப்புற விழுவதுபோல் அமுங்கி, உடனே துள்ளி எழுந்து, இரண்டு மூன்று முறை ஆடிய பிறகுதான் அடங்குகிறது. ஓசூர் ரோட்டில் வரிசையாக வரும் ஒட்டுப்போட்ட இடங்களில் ஓர் ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஆயிலை வடித்துவிட்டுக் கெட்டியான 20 டபிள்யூ ஆயில் ஊற்றிப் பார்த்தேன். ஆட்டம் சற்றுக் குறைந்தது. ஆனால் இப்போது சின்னச் சின்னக் குழிகள்கூட மணிக்கட்டில் சுரீரென்று தைக்கின்றன. பெரிய பள்ளத்தில் ஃபோர்க் இன்னமும் அடிவரை போய் ‘டங்’கென்று தட்டத்தான் செய்கிறது.

என் எடை 82 கிலோ. பின் டயர் 110/90-18. காற்று 32 பி.எஸ்.ஐ. ஸ்பிரிங் வைத்த ஒற்றை இருக்கை. எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய இரும்பு:

தம்பி, ஸ்பிரிங் செய்ய வேண்டிய வேலையை ஆயிலிடம் கொடுத்திருக்கிறீர்கள். வண்டியின் எடையையும் உங்கள் எடையையும் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக அமுங்கலாம், எவ்வளவு வேகமாக எழலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது மட்டுமே ஆயிலின் வேலை. நம் வண்டிகளின் சாதாரண ஃபோர்க்கில் ஆயில் சில நிலையான துளைகள் வழியாகவே ஓட வேண்டும். ஃபோர்க் நகரும் வேகம் இருமடங்கானால் அந்தத் துளைகளின் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. ஆகவே கூர்மையான சிறு குழியில், எங்கே ஃபோர்க் சட்டென்று நகர வேண்டுமோ அங்கே, கெட்டி ஆயில் அதை இரும்புத் தடிபோல் பூட்டிவிடுகிறது; நீளமான பள்ளத்தில் ஃபோர்க் மெதுவாக இறங்கும்போதோ வழிவிட்டு அடிவரை போகவிடுகிறது. நீங்கள் சொன்ன இரண்டு குறைகளும் இந்த ஒரே காரணத்தால் வருபவை.

சாதாரண வண்டியில் பின்சக்கரம் மட்டும் மேலே எழும். சேஸிஸ் பெரும்பாலும் தன் இடத்திலேயே இருக்கும். ஹார்ட்டெயிலில் பின்சக்கரம் ஓர் அங்குலம் எழுந்தால் சேஸிஸின் பின்பகுதியும் கூடவே ஓர் அங்குலம் எழுகிறது. முன் ஆக்சிலை அச்சாகக் கொண்டு வண்டி முழுவதும் முன்னோக்கிச் சாய்கிறது. அந்தப் பாரம் நேராக முன் ஃபோர்க்கில்தான் வந்து இறங்கும். பின்பக்கம் கல்லாக இருக்கிறதே, முன்பக்கமாவது மெத்தையாக இருக்கட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் சொன்ன அந்தக் குதிரையாட்டம் இந்த நினைப்பிலிருந்துதான் வருகிறது. ஹார்ட்டெயிலுக்கு வேண்டியது தன் உயரத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்கும் ஸ்பிரிங்கும், எழும்போது துள்ளவிடாத அளவான ஆயிலும்.

முதலில் அளந்து பாருங்கள். எஞ்சினுக்குக் கீழே ஜாக் வைத்து முன்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்குங்கள். ஆக்சிலின் நடுவிலிருந்து ஹெட்லைட் உறையின் கீழ்விளிம்பு வரை, ஃபோர்க்கின் சாய்வை ஒட்டியே டேப் பிடித்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டியை இறக்கி, ஹெல்மெட், ஷூ எல்லாம் அணிந்து கால்களை ஃபுட்ரெஸ்டில் வைத்து உட்காருங்கள். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதே தூரத்தை மீண்டும் அளக்கட்டும். உங்கள் ஃபோர்க்கின் மொத்த ஓட்டம், அதாவது அது அமுங்கக்கூடிய தூரம், 130 மி.மீ. அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 35 முதல் 42 மி.மீ. வரை அமுங்கினால் சரி. அளவைச் சொல்லுங்கள், அதுவரை எதையும் வாங்க வேண்டாம்.

கனகபுரா சாலை:

ஃபோர்க்கைப் பிரிப்பதற்கு முன் பின்பக்க வெல்டிங்கைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பழைய குழாயும் புதுக் குழாயும் சேரும் இடத்தில் உள்ளே இறுக்கமான இன்னொரு குழாய்த் துண்டு செருகி, வெளிக்குழாயில் துளையிட்டு அந்தத் துளைகளிலும் வெல்டிங் வைத்திருக்க வேண்டும். வெறுமனே முனைக்கு முனை ஒட்டியிருந்தால், ஷாக்கப் இல்லாத வண்டியில் அது என்றாவது ஒருநாள் விட்டுவிடும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்டில் மயிரிழை போன்ற கோடு தெரிந்தால் அன்றோடு வண்டியை நிறுத்திவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவரின் வண்டியில் அந்தக் கோடு ஆக்சில் தகட்டின் ஓரத்தில் தொடங்கியது. துருக்கறை என்று நினைத்து அவர் இரண்டு மாதம் விட்டுவைத்தார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியிருக்கிறது. சேஸிஸை வெட்டிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டில் சிக்கல் வரும். இதே தோற்றம்தான் வேண்டுமென்றால், இருக்கைக்குக் கீழே ஷாக்கப்பை மறைத்து ஹார்ட்டெயில்போல் காட்டும் ஜாவா பேராக் போன்ற வண்டிகள் கம்பெனியிலிருந்தே வருகின்றன. அதையும் யோசியுங்கள்.

ஹலசூரு ரைடர்:

அண்ணா, அளந்துவிட்டேன்: 58 மி.மீ. வெல்டிங்கையும் இணைப்பு இணைப்பாகப் பார்த்தேன். கோடு எதுவும் இல்லை, துளை வெல்டிங்கும் இருக்கிறது. சட்டம் பற்றிச் சொன்னதை மனத்தில் வாங்கிக்கொண்டேன். பழைய சேஸிஸ் பின்பாதியை முந்தைய உரிமையாளர் பத்திரமாக வைத்திருக்கிறாரா என்று விசாரித்து வருகிறேன்.

பழைய இரும்பு:

58 என்றால் ஓட்டத்தில் ஏறக்குறைய பாதியை நீங்கள் உட்காரும்போதே செலவழித்துவிடுகிறீர்கள். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டில் புது ஸ்பிரிங் வாங்கி, பழையதோடு மேசைமேல் நிறுத்தி உயரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். புது ஸ்பிரிங் போட்டும் 45-க்கு மேல் அமுங்கினால், மேல்மூடிக்கு அடியில் வாசர்களோ அளவாக வெட்டிய கெட்டியான குழாய்த் துண்டோ வைக்கலாம், 5 மி.மீ. வைத்தால் ஏறக்குறைய 5 மி.மீ. நிமிரும். ஒன்றை மறக்காதீர்கள்: இது வண்டி நிற்கும் உயரத்தை மாற்றுமே தவிர, ஸ்பிரிங்கைக் கடினமாக்காது.

ஆயிலைக் கம்பெனி சொன்ன தரத்துக்கே திருப்புங்கள். அடிவரை தட்டுவதைத் தடுக்கக் கெட்டி ஆயில் வேண்டாம். ஆயிலின் மட்டத்தை 10 மி.மீ. உயர்த்தினால் போதும். மேலே அடைபட்ட காற்று சுருங்கும்போது இன்னொரு ஸ்பிரிங்போல் வேலை செய்து, ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் மட்டும் எதிர்க்கும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுவதும் அமுக்கி வைத்து, ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும் மட்டம் ஒன்றாக இருக்கும்படி அளந்து ஊற்றுங்கள். அளவு மீறினால் ஆயில் சீல் பிதுங்கும்.

சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது அவசரம் கூடாது. ஆக்சிலை முதலில் முறுக்கிவிட்டு, ஃபோர்க் காலோடு அதைப் பிடிக்கும் கிளாம்ப் நட்டுகளைத் தளர்வாக விடுங்கள். முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டில் பாரைப் பத்துப் பன்னிரண்டு முறை நன்றாக அமுக்கிவிட்டு, அதன் பிறகே அந்த நட்டுகளை முறுக்குங்கள். இரண்டு கால்களும் இணையாக இல்லாவிட்டால் எந்த ஸ்பிரிங்கும் உதவாது. குழாய்க்குள் குழாய் சிக்கிச் சிக்கித்தான் நகரும்.

பலூன் டயர்:

பின்பக்கத்தைப் பற்றி நான் சேர்க்கிறேன். ஹார்ட்டெயிலில் பின் ஷாக்கப் என்று சொல்லத்தக்கது டயர் ஒன்றுதான். உங்கள் 110/90-18 டயரின் பக்கச்சுவர் உயரம், 110 மி.மீ. அகலத்தில் 90 சதவீதம், அதாவது 99 மி.மீ. 16 அங்குல ரிம்மில் 5.00-16 டயர் போட்டால் சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய அப்படியே இருக்க, பக்கச்சுவர் 120 மி.மீ.-க்கு மேல் கிடைக்கும். பின்பக்கக் குழாய்ச் சட்டத்துக்கும் செயினுக்கும் இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்குங்கள். இருக்கை ஸ்பிரிங்குக்கு ஆயில் கட்டுப்பாடு கிடையாது; ஆகவே மிகவும் மென்மையான ஸ்பிரிங் உங்களைத் தூக்கித்தான் போடும். முழு எடையையும் வைத்து உட்காரும்போது பாதி அளவு அமுங்குவது நல்லது.

இப்போது இருக்கும் டயரில் 32 அதிகம். இரண்டிரண்டு பி.எஸ்.ஐ.-யாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். ஒற்றை ஆள் என்றாலும் 24-க்குக் கீழே போக வேண்டாம். டியூப் டயரில் காற்று குறைந்தால், கியர் இழுப்பில் டயர் ரிம்மின்மேல் நகர்ந்து டியூபையும் உடன் இழுக்கும். ஆகவே வால்வின் நட்டை ரிம்மோடு இறுக்காமல் மேலே மூடியை ஒட்டித் தளர்வாக விட்டுவையுங்கள். காலையில் வண்டி எடுக்கும்போது வால்வு சாய்ந்து நின்றால், டயர் நகர்ந்துவிட்டது என்று பொருள். அதே நிலையில் ஓட்டாமல், காற்றை முழுவதும் இறக்கி டயரை நேராக்கிய பிறகே புறப்படுங்கள்.